நடுத்தர குரூசர் வைத்திருப்பவர்களே, ஒரு வருடம் கழித்தும் பிடித்திருக்கிறதா?

மூன்றாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. பத்து வருடமாக ஒரே 150 சிசி வண்டிதான் ஓட்டுகிறேன். அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிக்னலில் பக்கத்தில் ஒரு குரூசர், அதாவது தாழ்ந்த சீட்டும் நீண்ட உடம்புமாக இருக்கும் பைக், வந்து நின்றால் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்த பிறகுதான் நினைவு வருகிறது. சரி, இனிமேல் தாங்காது, வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 500 முதல் 900 சிசிக்குள், புதிதோ செகண்ட் ஹேண்டோ, எதுவானாலும் பரவாயில்லை.

வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வது. எனக்கு வேண்டியது ஒரு வருடத்துக்கு மேல் கூடவே வைத்திருப்பவர்களின் பேச்சு. தினமும் போக 18, வர 18 கி.மீ., அதில் பாதி நெரிசல். மாதம் ஒரு தடவை 300 கி.மீ. அளவில் ஒரு பயணம், பெரும்பாலும் மனைவியும் பின்னால் இருப்பார். இடுப்புக்குக் கீழே லேசான வலி எனக்கு ஏற்கெனவே உண்டு. இதற்கெல்லாம் இந்த வண்டி சரிப்படுமா, இல்லை ஆசைக்கு வாங்கி மூடிவைக்கும் கேஸா? மறைக்காமல் சொல்லுங்கள்.

பழையகிளட்ச்:

தம்பி, இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்னிடம் இருப்பது 650 சிசி வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் V எழுத்து மாதிரி நிற்கும் என்ஜின். ஏழாவது வருடம் ஓடுகிறது, மீட்டர் 62,000 கி.மீ. தாண்டிவிட்டது. முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோது வீட்டு சோஃபா மாதிரி இருந்தது. அதே சோஃபாவில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். உங்கள் 150 சிசி வண்டியில் கால் உடம்புக்கு ஏறக்குறைய நேர் கீழே இருக்கிறது. வேகத்தடை வந்தால் யோசிக்காமலே லேசாக எழுந்துகொள்கிறீர்கள், குலுக்கலை முழங்கால் வாங்கிக்கொள்கிறது. குரூசரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், சட்டென்று எழ முடியாது, மொத்த பாரமும் வால் எலும்பில்தான். அதோடு சீட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பதால் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு வேலை செய்ய இடமே குறைவு. நிறைய குரூசர்களில் பின்சக்கரம் மேலும் கீழும் போய்வர 80-லிருந்து 100 மி.மீ. வாக்கில்தான் கிடைக்கும், பெரிய அட்வென்ச்சர் வண்டிகளில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பள்ளத்தில் இறங்கினால் வண்டி வாங்கியது போக மீதியை முதுகுத்தண்டுதான் வாங்கும்.

அதனால் நிறுத்திவைத்த வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். யாரிடமாவது கெஞ்சிக் கூத்தாடியாவது ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், எனக்கெல்லாம் நாற்பதாவது நிமிடத்தில்தான் உண்மை தெரிந்தது. ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், எல்லா குரூசரும் ஒன்று இல்லை. ஹோண்டா ரெபல் 500-ல் கால் ஏறக்குறைய சாதாரண பைக் மாதிரி நடுவில்தான் வரும். கவாஸாகி வல்கன் எஸ்-ல் ஃபுட்ரெஸ்ட்டை மூன்று நிலைகளில் முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளலாம். ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-ல் கால் நன்றாகவே முன்னால் போகும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வலி வந்ததும் முதலில் ஜெல் சீட் வாங்கினேன், அப்புறம் அதற்கு மேல் போட ஒரு ஆட்டுத்தோல். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து, வண்டியோடு வந்த டூல் பையில் இருந்த கொக்கி ஸ்பேனரை எடுத்துப் பின்பக்க ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கும் அளவை, இரண்டு படி ஏற்றினேன். பத்து நிமிட வேலை. அதுவரை என் எடைக்கு ஸ்பிரிங் பாதி அமுங்கியே கிடந்திருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் போய் டக் என்று இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, நான் சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். வலி முழுதாகப் போனதா என்றால் இல்லை. 80 கி.மீ.க்கு ஒரு தடவை இறங்கி நடப்பேன். ஆனால் அடுத்த நாள் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடிகிறது.

ஒரு வார்த்தையில் கேட்டால், ஆமாம், இன்னும் பிடித்திருக்கிறது.

விற்றுவிட்டேன்:

14 மாதம் வைத்திருந்தேன், விற்றுவிட்டேன். என் தினசரிப் பயணமும் உங்களுடையது மாதிரியேதான், அதனால் சொல்கிறேன். நெரிசலில் இந்த வண்டி ஒரு தண்டனை. ஹேண்டில்பார் அகலம், வீல்பேஸ் (இரண்டு சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்) நீளம், 220 கிலோவுக்கு மேல் எடை. ஸ்கூட்டர்காரர்கள் நுழைந்து போகும் சந்தில் நீங்கள் கார் மாதிரி வரிசையில் நிற்பீர்கள். என்னுடையதும் வி-ட்வின்தான், பின் சிலிண்டர் சரியாகத் தொடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். வெயிலில் பத்து நிமிடம் ஊர்ந்து போனால் வலது தொடையில் இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி இருக்கும். ஜீன்ஸ் போட்டாலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறது.

குட்டைக்கால்:

மேலே சகோ சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உயரம் 157 செ.மீ., மற்ற பெரிய வண்டிகளில் நுனிக்காலில் நின்று ஒவ்வொரு சிக்னலிலும் சாமி கும்பிட்டுக்கொண்டு இருப்பேன். ரெபல் 500-ன் சீட் உயரம் 690 மி.மீ., வல்கன் எஸ் 705, சூப்பர் மீட்டியார் 740. இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிவது என்ன சுகம் என்று உயரமானவர்களுக்குச் சொன்னால் புரியாது. எடையும் எல்லாவற்றிலும் 220 இல்லை, ரெபல் 190 கிலோ வாக்கில்தான், சூப்பர் மீட்டியார் 241. ஐம்பது கிலோ வித்தியாசம் என்பது பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு திரும்புவது மாதிரி.

இன்னொன்று, நெரிசலில் மெதுவாக ஓட்டுவது எடையைவிடப் பழக்கத்தைப் பொறுத்தது. முதல் மாதம் யு-டர்ன் என்றாலே எனக்கு வியர்க்கும். காலி மைதானத்தில் நான்கு நாள் பயிற்சி செய்தேன். கிளட்ச்சை முழுதாக விடாமல் பாதியில் பிடித்தபடி, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கண்ணை வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்தில் வைத்துத் திரும்ப வேண்டும். முன் சக்கரத்தைப் பார்த்தால் முடிந்தது, நேரே கீழேதான். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. நான் விழுந்த இரண்டு தடவையும் அப்படித்தான் விழுந்தேன், இரண்டு தடவையும் நடக்கும் வேகத்தில், இரண்டு தடவையும் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தால் எப்படித் தூக்குவது என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, வண்டி உருளாமல் இருக்கக் கியரில் போட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக் காலால் எழ வேண்டும், குனிந்து கையால் இழுக்கக் கூடாது. வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடும். என்னால் முடிகிறது என்றால் உங்களாலும் முடியும்.

மூன்றாம்கியர்:

அனைவருக்கும் நன்றி. ப்ரீலோடு விஷயத்தைப் படித்துவிட்டுக் கீழே போய் என் வண்டியின் ஸ்பிரிங்கையே முதல் முறையாக உற்றுப் பார்த்தேன்!

இரண்டு சந்தேகம். என்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகச் செயினா, பெல்ட்டா, ஷாஃப்டா (சுழலும் தண்டு), எது தொல்லை குறைவு? அப்புறம் செகண்ட் ஹேண்டில் பழைய கார்பரேட்டர் வண்டிகள் நிறைய வருகின்றன, அவற்றை எடுக்கலாமா?

செயின்மசகு:

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டப்போகிறவருக்கு ஷாஃப்ட்தான் நிம்மதி. பழைய யமஹா எக்ஸ்விஎஸ் 650, சுஸுகி சி50, ஹோண்டா ஷேடோ 750 ஏரோ எல்லாம் ஷாஃப்ட். புத்தகத்தில் சொன்ன கணக்குக்குப் பின் டிரைவின் கியர் ஆயிலை மாற்றினால் போதும், மறந்தே போகலாம். பெல்ட் வேண்டும் என்றால் வல்கன் 900 இருக்கிறது, 1986-லிருந்து வந்த சுஸுகியின் 652 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டியும் இருக்கிறது. பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை, ஆனால் கல் ஒன்று புல்லியில் மாட்டினால் பெல்ட்டில் ஓட்டை. சரளைப் பாதையில் அதிகம் போகிறவர் என்றால் யோசியுங்கள். இப்போது வரும் வல்கன் எஸ், ரெபல், சூப்பர் மீட்டியார் எல்லாம் செயின்தான், 500-லிருந்து 800 கி.மீ.க்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட வேண்டும், மழையில் நனைந்தால் அன்றைக்கே. எனக்கு அது பிடிக்கும், பாதிப் பேருக்குப் பிடிக்காது.

கார்பரேட்டர் வண்டி தினமும் ஓடினால் பிரச்சினையே இல்லை. மாதக்கணக்கில் நின்றால்தான் தகராறு. கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஆகிச் சின்ன ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் துளையை, அடைத்துவிடும், அப்புறம் சோக்கை இழுத்தால்தான் ஓடும், இல்லாவிட்டால் ஐடிலில் செத்துப்போகும். விற்பவர் "கொஞ்ச நேரம் சூடானால் சரியாகிவிடும்" என்று சொன்னால் ஜெட் அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள், போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிகளில் கிளட்ச்சும் என்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கிறது. காருக்கு வாங்கிய மிச்ச ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. டப்பாவில் ஜாஸோ எம்ஏ (JASO MA, இப்படிக் கிளட்ச் ஆயிலில் முங்கும் பைக்குகளுக்கான தரக் குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்டார்ட் ஆகாத கதை ஒன்று. ஒரு மழைக்காலம் முழுக்க என் வண்டி நினைத்தால் ஸ்டார்ட் ஆகும், நினைத்தால் ஆகாது. மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். ரெகுலேட்டரை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் கோபத்தில் சீட்டைக் கழற்றிவைத்துப் பார்த்தால், பேட்டரி நெகட்டிவ் டெர்மினலின் போல்ட் கால் சுற்று லூஸ், சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டி முறுக்கினேன், அவ்வளவுதான், நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது ரேஸ் கொடுத்தால் 14 பக்கம் காட்டினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள்.

பழையகிளட்ச்:

மேலே யாரும் பின்னால் உட்காருபவரைப் பற்றிப் பேசவில்லை. குரூசர் கம்பெனிக்காரர்கள் வரைந்து முடித்த பிறகு ஞாபகம் வந்து ஒட்டிய மாதிரி இருக்கும் பின் சீட். நிறைய வண்டிகளில் அங்கே சாய்மானமும் இருக்காது, பிடிக்கச் சரியான கம்பியும் இருக்காது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் அவர் உங்களைத்தான் பிடிக்க வேண்டும். சாய்மானக் கம்பி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் ப்ரீலோடை இரண்டு பேர் எடைக்கு ஏற்றுங்கள். ஓட்டிப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பக்கத்துப் பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பையைத் தாங்க உள்ளே இரும்புக் கம்பி போடாமல் தொங்கவிட்டேன், 200 கி.மீ. கழித்து ஏதோ தீய்ந்த வாடை. சைலன்சரில் பை சாய்ந்து, உள்ளே இருந்த மழைக்கோட்டு உருகி, அதற்குள் சுருட்டிவைத்த துண்டோடு ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. அந்தக் கட்டி இன்னும் ஷெட்டில் இருக்கிறது.

விற்றுவிட்டேன்:

காற்றுக் கண்ணாடி பற்றியும் ஒரு வரி. உயரமான கண்ணாடி போட்டால் நெஞ்சில் காற்று அடிக்காது, ஆனால் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கும். கண்ணாடியின் மேல் விளிம்பு உங்கள் மூக்கு உயரத்தில், அதற்கு மேலாகச் சாலையைப் பார்க்கிற மாதிரி இருந்தால் பரவாயில்லை. நான் கழற்றி எறிந்த பிறகுதான் தலைவலி போனது. காதுக்கு அடைப்பான் போடுங்கள், நெடுஞ்சாலையில் காற்று இரைச்சல்தான் ஆளை அசத்துகிறது.

மூன்றாம்கியர்:

நேற்று ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன், ஆறு வருடப் பழசு, 11,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. பார்க்க அப்படியே கண்ணாடி மாதிரி. என்ஜின் குளிர்ந்துதான் இருந்தது, ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. மனைவி பின்னால் ஏறி இறங்கி, "சாய்மானம் இல்லாமல் நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார், ஆக அது தீர்மானமாகிவிட்டது.

வால் எலும்பு இருபத்தைந்தாவது நிமிடத்தில் பேச ஆரம்பித்தது. ப்ரீலோடு எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டேன், விற்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்பேனரால் ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன், நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. எடுக்கலாம் என்று கை நீட்டும் நேரத்தில் டயரைப் பார்த்தேன். பட்டன் (தரையைத் தொடும் மேடுபள்ளம்) எல்லாம் ஆழமாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் பிளவு பிளவாக மயிர்க்கோடு. இதற்கு என்ன அர்த்தம், மாற்ற வேண்டுமா?

செயின்மசகு:

டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3419 என்றால் 2019-ல் 34-வது வாரம் செய்த டயர். கோடு விட்டிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், ரப்பர் காய்ந்துவிட்டது, மழையில் பிடிக்காது. இரண்டு டயரின் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

மூன்றாம்கியர்:

முன் டயரில் இருந்தது வண்டியைவிட ஒரு வருடம் மூத்த எண். பின் டயர் மட்டும் வேறு கம்பெனி. அவருக்கு போன் செய்துகொண்டிருக்கிறேன், எடுக்கவில்லை.