மாதவிடாய் வலிக்கு வெந்நீர்ப் பை வைத்தால் உதிரப்போக்கு கூடுமா?

கேள்வி: கும்பகோணத்து அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 16 வயது. 11ஆம் வகுப்பு படிக்கிறாள். வயதுக்கு வந்த முதல் ஓராண்டில் அவள் வலி என்று ஒரு நாளும் படுத்ததில்லை. கடந்த ஐந்தாறு மாதங்களாகத்தான் இந்தத் தொல்லை. மாதவிடாய் தொடங்கும் நாளின் காலையிலேயே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். இடுப்பும் தொடையும் சேர்ந்து கடுக்கின்றன, இரண்டு மூன்று முறை வயிற்றாலும் போகிறது, சில மாதங்களில் வாந்தியும் வருகிறது. மறுநாள் மாலைக்குள் எல்லாம் அடங்கி, ஒன்றுமே நடக்காதவள் போல எழுந்து சாப்பிடுகிறாள்.

வீட்டில் ரப்பர் வெந்நீர்ப் பை இருக்கிறது. அதை எடுத்தாலே என் மாமியார் தடுக்கிறார். உடம்பில் சூடு ஏறியதால்தான் வலியே வருகிறது என்றும், அதன் மேல் வெந்நீரையும் வைத்தால் போக்கு அதிகமாகிவிடும் என்றும் சொல்லி, மோரில் ஊறிய வெந்தயத்தை விழுங்கச் செய்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துவிடுகிறார். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார் என்பதால் எதிர்த்துப் பேசவும் மனம் வரவில்லை. வெந்நீர் ஒத்தடம் உண்மையில் பயன் தருமா, போக்கைக் கூட்டுமா, எவ்வளவு சூட்டில் எத்தனை நேரம் வைக்கலாம், பள்ளிக்குப் போகும் நாளில் என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி

அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாக வைக்கலாம். முப்பது ஆண்டுகள் வார்டில் இருந்தவள் என்ற முறையில், பையை நிரப்பும் விதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பார்த்த தீக்காயங்களில் பாதி அங்கேதான் தொடங்கின.

கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. கொதித்த நீரோடு அதே அளவு குழாய்த் தண்ணீரைக் கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸுக்கு வந்துவிடும். பையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், மேசைமேல் படுக்கவைத்து, நீர் வாய்ப்பகுதிக்கு வரும்வரை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும், ரப்பரை மடக்கும்போது மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலும், அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வெறும் பையைத் தோலில் வைக்காமல் தடித்த துண்டில் சுற்றி, முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்த பின்பு மகளிடம் கொடுங்கள். அவள் அதன்மேல் குப்புறப் படுக்கக்கூடாது. உடல் எடை அழுத்தினால் பை பிய்த்துக்கொள்ளும், துணியையும் மீறிச் சூடு ஏறும்.

இன்னொன்று. வலி நிவாரணித் தைலத்தைத் தேய்த்துவிட்டு அதன்மேல் ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. தைலம் பூசிய தோலில் சூடு பட்டால் கொப்புளம் கிளம்பும். இரண்டில் ஒன்று போதும்.

பதில்: மகப்பேறு மருத்துவர்

கேள்வி கேட்டவர் வலியின் நாள், நேரம், போக்கு ஆகியவற்றைத் தெளிவாக எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. முதல் ஓராண்டு வலி இல்லாமல் இருந்து இப்போது வருவது இயல்பான வரிசைதான். பூப்பெய்திய தொடக்க மாதங்களில் பெரும்பாலும் கருமுட்டை வெளியேறாமலேயே மாதவிடாய் வந்துபோகும். முட்டை ஒழுங்காக வெளியேறத் தொடங்கிய பிறகே புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரந்து, மாத இறுதியில் அது குறையும்போது, கருப்பையின் உட்படலத்தில் புரோஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக உண்டாகிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியப்படும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. கெண்டைக்காலில் குரக்களி பிடிப்பதைப் போன்ற வலி அடிவயிற்றில் எழுகிறது. அதே பொருள் குடலையும் முடுக்கிவிடுவதால்தான் உங்கள் மகளுக்கு வயிற்றாலும் போகிறது. பெரும்பாலோருக்கு இது இரண்டு அல்லது மூன்று நாட்களில் அடங்கிவிடும்.

உங்கள் மாமியார் சொல்லும் சூடு, உணவையும் உடல்வாகையும் வைத்து நம் ஊரில் நெடுநாளாகப் போடப்படும் ஒரு கணக்கு. வெப்பமானியில் ஏறி இறங்கும் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மிதமான ஒத்தடம் உதிரப்போக்கைக் கூட்டும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. அடிவயிற்றில் படும் வெப்பம் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, அப்பகுதியின் ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, தோலில் உள்ள சூடுணரும் நரம்பு முனைகளைத் தூண்டி வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. வெந்தயமும் மோரும் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் கெடுதல் ஒன்றுமில்லை. அவர் மனம் நோகாமல் இரண்டையும் செய்யலாம்.

அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத் தக்கது. அதில் பெண்கள் சுமார் 39 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் பட்டையை நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் இரண்டு நாட்கள் அடிவயிற்றில் அணிந்தார்கள். 400 மில்லிகிராம் இபுப்ரோஃபென் மாத்திரையை மூன்று வேளை உட்கொண்டவர்களுக்குக் கிடைத்த நிவாரணத்துக்கு அது ஏறக்குறைய இணையாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்கு வலி குறைந்தது தெரிய சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆனது. மாத்திரையை மட்டும் நம்பியவர்களுக்கு அதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. சிறிய ஆய்வுதான், பட்டை தயாரித்த தரப்பினரின் பங்கும் அதில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த 39 டிகிரியைக் கவனியுங்கள்: கடும் காய்ச்சலில் உடம்பு காட்டும் வெப்பம்தான் அது. சுடச்சுடப் பத்து நிமிடம் வைப்பதைவிட இளஞ்சூட்டில் நெடுநேரம் வைப்பதே இந்த வலிக்கு ஏற்றது. தோல் எவ்வளவு தாங்கும் என்பது 1940களிலேயே அளந்து பார்க்கப்பட்டுள்ளது. 44 டிகிரியில் காயம்பட ஆறு மணி நேரம் ஆகும், 60 டிகிரியில் சில நொடிகளே போதும்.

ஒத்தடத்தோடு மாத்திரையும் தேவைப்பட்டால், வலி முற்றும்வரை காத்திராமல் தொடங்கும்போதே, உணவுக்குப் பின் கொடுப்பதுதான் முறை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை ஒருமுறை மருத்துவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இபுப்ரோஃபென் வகை மருந்துகள் ஆகாமல் போகலாம். நம் நாட்டில் இந்த வலிக்குப் பரவலாக வாங்கப்படும் மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று 2023 இறுதியில் எச்சரிக்கை வெளியிடப்பட்டது.

வலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனாலோ, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வந்தாலோ, ஒத்தடத்துக்கும் மாத்திரைக்கும் சேர்ந்தும் அடங்காமல் பள்ளிக்கு விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றும் அளவுக்குப் போக்கு இருந்தாலோ, வெந்நீர்ப் பையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்கள் 16 வயதிலும் இருக்கலாம். ‘பெண் என்றால் வலிக்கத்தான் செய்யும்’ என்று வீட்டார் சொல்லிச் சொல்லியே அதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் தாமதமாகிறது.

பதில்: விடுதி எண் 7

நான் செய்த தவற்றை எழுதினால் உங்கள் மகளுக்கு உதவக்கூடும். கல்லூரி விடுதியில் இருந்தபோது மின்சாரத்தில் சூடேறும் பை ஒன்றை வாங்கினேன். சூடு ஆறியதும் மறுபடியும் செருகி, மறுபடியும் வயிற்றில் வைத்து, மாதந்தோறும் இரண்டு நாட்கள் இரவும் பகலும் அப்படியே படுத்திருப்பேன். இரண்டாண்டுகளில் அடிவயிற்றில் மீன்வலையை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள் படிந்துவிட்டன. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளித்ததுதான் மிச்சம். சுடாத அளவுச் சூடாக இருந்தாலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பட்டால் தோல் இப்படி நிறம் மாறும் என்று தோல் மருத்துவர் சொன்னார். பையை நிறுத்தி ஓராண்டு ஆகியும் தடம் முழுமையாக மறையவில்லை. ஆகவே, தோலில் வலைபோன்ற சிவப்பு தெரிந்தால் அன்றே இடைவெளி விடுங்கள். மின்பையாக இருந்தால் செருகியை மின்சாரத்திலிருந்து எடுத்த பிறகே உடம்பில் வைக்க வேண்டும் என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது எங்கள் பாட்டியின் வழக்கம். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வாணலியிலிருந்து எடுத்த உப்பு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறை என் பாவாடை நாடாவே கருகியது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கும்பகோணத்து அம்மா

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகளுக்கு மாதவிடாய் தொடங்கியது. பாதிக்குப் பாதி நீர் கலந்து, துண்டில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். எழுந்ததும் போக்கு கூடியிருக்கிறதா என்று மாமியார் இரண்டு முறை கேட்டார்; வழக்கம்போலத்தான் என்று மகள் சொன்னாள். மாலையில் அவரே தம் பழைய நூல் புடவையைக் கிழித்துப் பைக்கு உறை தைத்துக் கொடுத்தார். வெந்தயத்தை மட்டும் விடவில்லை.

அடுத்த மாதம் தேர்வு நாளில் வரும்போல் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் வெப்பப் பட்டையைப் பள்ளிச் சீருடைக்குள் அணியலாமா, அதை இரவிலும் விட்டுவைக்கலாமா?

பதில்: மகப்பேறு மருத்துவர்

பள்ளிக்கு அதுதான் வசதியானது. உறையைப் பிரித்துக் காற்றுப் பட்டவுடன் உள்ளே இருக்கும் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லச் சூடேறும். முழுச் சூடு வர அரை மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் வீட்டிலேயே பிரித்து, சிம்மீஸின் வெளிப்புறத்தில் ஒட்டி அனுப்புங்கள். சில வகைகளைத் தோலில் ஒட்டலாம், சிலவற்றைத் துணிமேல் மட்டுமே ஒட்ட வேண்டும். அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அதன்மேல் இறுக்கமான பெல்ட் வேண்டாம். சுட்டால் உடனே எடுத்துவிட வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். இரவில் வேண்டாம், தூங்கும்போது சுடுவது தெரியாது.