டுரியான் பூ ராத்திரியோட ராத்திரியா கொட்டுதே, ஏன்?

பாலிக் பூலாவ் அக்கா: அப்பா நட்ட டுரியான் மரம் இப்பதான் நல்லா பூத்திருக்கு. விடிகாலை கூட்டப் போனா தரையெல்லாம் வெள்ளை வெள்ளையா இதழ். ராத்திரி வௌவால் வேற படபடன்னு அடிக்குது. வலை கட்டி விரட்டலாமா? மனசே ஆறல.

மலைத்தோட்டம்: அக்கா, வலை மட்டும் கட்டிடாதீங்க! டுரியான் பூ சாயங்காலம்தான் விரியும். தேன் குடிக்க வர்ற குகை வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமக்குது. விடியறதுக்குள்ள இதழும் மகரந்தத் தாளும் உதிர்றது இயல்பு. கிளையை அண்ணாந்து பாருங்க, காம்பு நுனியில பூவோட பெண் பாகமான சூலகம் ஊசி மாதிரி நீட்டிட்டிருக்கும். அதான் பிஞ்சாகும்.

ஆயர் ஈத்தாம்: பிஞ்சு பிடிச்சா 3, 4 மாசத்துல பழம். பூக்கிற நேரம் அடைமழை வந்தாதான் கவலை.

பாலிக் பூலாவ் அக்கா: இப்ப பார்த்தேன் தம்பி, கொத்துக் கொத்தா ஊசி நிக்குது!