உறைமண் காட்டில் வேர் ஆழமாக இறங்கினால் நல்லதுதானே?

தேன்மொழி, ரங்கூன்:
அலாஸ்கா, சைபீரியா பக்கம் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் நிலத்தடி மண் இப்போது இளகி வருகிறது என்று வகுப்பில் சொன்னேன். ஒரு பையன் விடவில்லை: மண் இளகினால் வேருக்கு இடம் கிடைக்கும், மரம் செழிக்கும், கரியமிலவாயுவை இழுக்கும், அப்புறம் எதற்குப் பயம்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கணேசன், பெகு:
டீச்சர், பையன் சொல்வதில் பாதி உண்மை. இளகிய மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும், மரமும் வளரும். ஆனால் வட உறைமண்ணில் கிடக்கும் கார்பன் ஏறக்குறைய 1,500 பில்லியன் டன், காற்றில் இருப்பதைப் போல சுமார் இரண்டு மடங்கு. எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமாக மக்காமல் சேர்ந்த வேரும் இலையும் பாசியும். நம் பெகு யோமா மலைக்காட்டுத் தேக்குச் சருகு மழை பிடித்ததுமே மக்க ஆரம்பித்துவிடும், அங்கே குளிர் விடுவதில்லை.

இப்போது வேர் கீழே இறங்கினால் அதிலிருந்து சர்க்கரை மாதிரிப் பொருட்கள் கசியும், அதைத் தின்று தெம்பேறிய நுண்ணுயிர்கள் பக்கத்தில் இருக்கும் பழைய மக்கையும் சேர்த்துச் சிதைக்கும். இந்த ஒரு வழியில் மட்டும் 2100க்குள் 40 பில்லியன் டன் கார்பன் கூடுதலாக வெளியேறலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எரிபொருள் எரித்து உலகம் முழுக்க நாம் வெளியிடுவதே வருஷத்துக்குச் சுமார் 10 பில்லியன் டன் கார்பன்தான்.

செல்வி, மோல்மேன்:
கணேசன் அண்ணே, எந்த மரம், எந்த மாதம் என்றும் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பெரும்பாலான வேர்கள் மேலே இருக்கும் பாசி, மக்கு அடுக்கிலேயே படர்ந்திருக்கும். மண் அதிக ஆழத்துக்கு இளகுவதோ கோடை முடிந்து, செப்டம்பர் வாக்கில். அப்போது மேலே இலைகளின் வேலை அடங்கிவிடும், அடியில் வேர் இன்னும் வளரலாம், செயற்கைக்கோள் படத்தில் அது தெரியவே தெரியாது. அதனால்தான் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் சாய்வாகப் புதைத்து, உள்ளே சின்ன கேமராவை இறக்கி, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். வெள்ளையாக முளைத்த வேர் பழுப்பாகி, சுருங்கி, காணாமல் போவது வரை பார்க்கலாம். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த வேலையே இதுதான்.

தேன்மொழி, ரங்கூன்:
நன்றி. அங்கே காட்டுத்தீ அதிகம் என்கிறார்களே, அது வேரையும் பாதிக்குமா?

செல்வி, மோல்மேன்:
ரொம்பவே, அக்கா. பாசி அடுக்கு மண்ணுக்குப் போர்வை, கோடைச் சூட்டைக் கீழே இறங்க விடாது. அது ஆழமாக எரிந்துவிட்டால் மண் இன்னும் இளகும், ஸ்ப்ரூஸ் நின்ற இடத்தில் பல சமயம் பிர்ச்சும் ஆஸ்பெனும் முளைக்கும். அவை சீக்கிரம் வளர்ந்து கார்பனைச் சேர்க்கும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றின் இலைச்சருகு விழுந்து மூடுவதால் பாசி மறுபடி தலையெடுப்பது கஷ்டம்.