கல்வெட்டுக் குறிப்புகளை இணைத்து வைக்க எந்தச் செயலி? தமிழிலேயே எழுதுகிறேன்

யாழினி_ஆய்வு:

வணக்கம். சோழர் காலக் கோயில் நிவந்தங்களை (கோயிலுக்குக் கொடுத்த கொடைகளை)ப் பற்றி ஆய்வு செய்கிறேன், இது இரண்டாம் ஆண்டு. இதுவரை எல்லாக் குறிப்பும் ஒரே வேர்டு கோப்பில்தான், 300 பக்கம் தாண்டிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு எரிய நெய் தருவதற்கு 96 ஆடு என்று படித்தேன், வேறு ஊர்களில் 90 என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தேடினால் கிடைப்பதில்லை, அன்றைக்கு 'விளக்கு' என்று எழுதினேனா 'நந்தாவிளக்கு' (அணையாமல் எரியும் விளக்கு) என்று சேர்த்து எழுதினேனா என்பதே நினைவில் இல்லை. ஆப்சிடியன், லாக்சீக், நோஷன் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பணம் கட்டும் நிலையில் இல்லை, நூலகத்தில் நெட் கிடைக்காது. எதை எடுப்பது?

பனையோலை:

நெட் இல்லை என்கிறீர்கள், அதற்கு நோஷன் அவ்வளவு ஏற்றதல்ல, விட்டுவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே அட்டவணையை நிரப்புவதற்கு அது மிக நல்லது, ஆனால் உங்கள் எழுத்து அவர்கள் சர்வரில் இருக்கும். இப்படி ஒரு சேவையை நம்பி ஆறு வருடக் குறிப்பை வைத்திருந்தேன் (நோஷன் இல்லை, வேறொன்று). ஒருநாள் மூடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது, இறக்கிப் பார்த்தால் குறிப்புகள் இருந்தன, இணைப்புகள் எல்லாம் அறுந்து கிடந்தன. அதற்குப் பிறகு கோப்பு என் கணினியில் இல்லாத எதையும் நான் தொடுவதில்லை.

மற்ற இரண்டில் நீங்கள் எழுதும் விதத்தைப் பார்த்து எடுங்கள். லாக்சீக்கைத் திறந்தாலே இன்றைய தேதிப் பக்கம் வரும், ஒவ்வொரு வரியும் தனித் துண்டு, எந்தத் துண்டையும் வேறு பக்கத்தில் அப்படியே காட்டலாம். பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து கோடிட்டால் அந்த வரியும் ஒரு துண்டாகிவிடும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளை பிடிஎஃப்பில் படிக்கிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. அதோடு அது திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்). ஆப்சிடியன் திறந்த மூலம் அல்ல, ஆனால் இலவசம். ஒவ்வொரு குறிப்பும் சாதாரண எழுத்துக் கோப்பு, நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். பத்தி பத்தியாக எழுதி, அப்புறம் அதையே ஆய்வேட்டின் இயலாக மாற்றுவதற்கு இதுதான் சரி.

கணியன்77:

மேலே சொன்னது சரி, தமிழில் எழுதும்போது வரும் சிக்கலை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பெயரை [[ ]] என்ற இரட்டை அடைப்புக்குள் எழுதினால் அந்தப் பெயருள்ள பக்கத்துக்கு இணைப்பு விழும். ஆனால் நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். [[மதுரை]]யில் என்று உருபை அடைப்புக்கு வெளியே விட்டுவிடலாம். [[தஞ்சாவூர்]] அப்படி வராது, ரகரம் மாறுகிறது. ஆப்சிடியனில் [[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]] என்று, பக்கத்தின் பெயரை முன்னும் கண்ணில் படும் சொல்லைப் பின்னுமாக எழுத வேண்டும், முதல் வாரத்திலேயே அலுத்துவிடும். அதனால் அந்தப் பக்கத்தின் மாற்றுப்பெயர்களில் தஞ்சாவூரில், தஞ்சாவூரின், தஞ்சை எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுவிடுங்கள், தட்டும்போதே பட்டியலில் வரும், தேர்ந்தெடுத்தால் நடுவில் வரும் | குறியையும் அதுவே போட்டுக்கொள்ளும். ராஜராஜன், இராசராசன் குழப்பமும் இதிலேயே தீரும், உங்கள் நந்தாவிளக்கும் கிடைத்துவிடும்.

இன்னொன்று. கல்வெட்டு வரியையே தலைப்பாக வைக்காதீர்கள், குறிப்பின் தலைப்புதான் கோப்புப் பெயராகும். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். ஏறத்தாழ 85 குறியில் முடிந்துவிடும். ஊர், தொகுதி, எண் போதும்.

யாழினி_ஆய்வு:

இருவருக்கும் நன்றி. மாற்றுப்பெயர் விஷயம் யாருமே சொன்னதில்லை. பிடிஎஃப்பை லாக்சீக்கில் படித்துவிட்டு ஆப்சிடியனில் எழுதினால் ஆகாதா?

பனையோலை:

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். லாக்சீக்கில் துண்டைச் சுட்டினால் கோப்பில் விழுவது நீளமான ஓர் அடையாள எண்தான், ஆப்சிடியனில் திறந்தால் வரி தெரியாது, எண்தான் தெரியும். லாக்சீக்கின் புதிய டேட்டாபேஸ் பதிப்போ சாதாரணக் கோப்புகளாகவே வைப்பதில்லை. உங்களுக்கு ஆய்வேடு எழுதி முடிக்க வேண்டும், ஆகவே ஆப்சிடியன். பிடிஎஃப்பை ஜொட்டெரோவில் (ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் சேர்த்து வைக்கும் செயலி) கோடிட்டுப் படியுங்கள், அதுவும் இலவசம்.

அப்புறம், 300 பக்கத்தையும் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், தயவுசெய்து. நந்தாவிளக்கு என்று ஒரு பக்கம் திறந்து, இந்த வாரம் கையில் இருக்கும் பத்துக் கல்வெட்டை மட்டும் கொண்டுவாருங்கள். இணைப்பு வைக்கும் இடத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், 'இங்கே 90, அங்கே 96, ஆனால் இரண்டிலும் நாளுக்கு உழக்கு நெய்தானா?' என்பது மாதிரி (உழக்கு என்பது பழைய முகத்தல் அளவு). குறிப்புகளின் இணைப்பைப் புள்ளியும் கோடுமாக ஆப்சிடியன் காட்டும் வரைபடம் அழகாக இருக்கும், அதைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை, இந்த ஒரு வரிக் கேள்விகளில் இருந்துதான் என் இரண்டு கட்டுரைகள் வந்தன.