தொட்டித் தோழனா, உடனுறை மீனா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே தொட்டியில் சேர்த்து வளர்க்கும் வேறு மீனை ஆங்கிலத்தில் ‘டேங்க் மேட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை தொட்டித் தோழன், தொட்டித்துணை, கூட்டுமீன், இணைமீன். நன்னீர் வண்ணமீன் வளர்ப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் அம்மையார், இந்தச் சொல் முடிவாகாமல் அத்தியாயம் அப்படியே நிற்கிறது என்கிறார். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். ‘கூட்டுமீன்’ வேண்டாம். கூட்டுமீன் வளர்ப்பு என்பது மீன்வளத் துறையில் ஏற்கெனவே வேரூன்றிய சொல். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் இரை தேடும் என்பதால், குளத்துத் தீனி வீணாகாமல் இருக்க மூன்றையும் சேர்த்து விடுகிறார்கள். அங்கே கணக்கு விளைச்சல். நம் தொட்டியில் மீன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறாமல் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இணைமீன்’ என்றால் ஆணும் பெண்ணுமான சோடி என்றுதான் யாரும் நினைப்பார்கள். இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயத்துக்கு அந்தச் சொல் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

‘தொட்டித் தோழன்’ காதுக்கு இனிமையாக இருக்கிறது, மூன்று பேர் வழிமொழிந்தும் விட்டார்கள். எனக்குத் தயக்கமே அந்த இனிமையில்தான். தொட்டிக்குள் நல்ல சேர்க்கை என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் தோழமை கிடையாது. நியான் டெட்ராக் கூட்டம் நடுமட்டத்தில் போய்வரும், கீழே கோரிடோராஸ்கள் மூக்கை மணலில் நுழைத்து, மீசையால் துழாவிக்கொண்டிருக்கும். இதை அது கண்டுகொள்வதில்லை, அதை இது கண்டுகொள்வதில்லை. இப்படி ஒன்றை ஒன்று சட்டை செய்யாமல் இருப்பதுதான் அங்கே உச்சபட்ச நல்லுறவு. நியானுக்குத் தோழன் வேண்டுமென்றால் அது இன்னொரு நியான்தான். ஐந்தாறுக்குக் குறைந்தால் மிரண்டுபோய்ச் செடிக்குப் பின்னால் ஒடுங்கிவிடும், நிறமும் மங்கும். கோரிடோராஸும் தன் இனத்தோடு கூட்டமாக இருந்தால்தான் தெளிவாகத் திரியும். ‘தோழன்’ என்று படிக்கும் புதியவர் என்ன செய்வார்? ஒரு நியான், அதற்குத் தோழனாக ஒரு கோரிடோராஸ், இன்னொரு தோழனாக ஒரு கப்பி என்று வகைக்கு ஒன்றாக வாங்கிவந்து விடுவார். இப்போதே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கலைச்சொல்லும் அதற்குத் துணைபோக வேண்டாமே. ‘தொட்டித்துணை’க்கும் இதையேதான் சொல்வேன்.

என் பரிந்துரை: உடனுறை மீன்.

உடன்பிறப்பு, உடன்படிக்கை எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் ‘உடன்’ யாருக்கும் புதிதில்லை. ‘உறைவிடம்’ தெரிந்தவருக்கு ‘உறை’யும் விளங்கும். சேர்ந்து வாழ்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நன்றாக வாழ்கிறதா இல்லையா என்பதில் இந்தச் சொல் வாய் திறப்பதில்லை. அதுதான் நமக்கு வேண்டும். ஏனென்றால் கையேட்டில் பாதி எச்சரிக்கைதான். சிறுமீனை விழுங்கிவிடும் பெரிய மீனான ஆஸ்கரைப் பற்றி, “ஆஸ்கருக்கு நியான் பொருந்தாத உடனுறை மீன்” என்று இயல்பாக எழுதலாம், “பொருந்தாத தோழன்” என்றால் இடிக்கிறது. இறால், நத்தை வரும்போது ‘உடனுறை உயிர்’ என்று மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. செர்ரி இறாலை யாரோடு விடலாம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி, அதை ‘மீன்’ என்ற சொல்லுக்குள் அடைக்க முடியாது.

அடுத்தது ‘கம்பாட்டிபிலிட்டி’, அதாவது எந்த மீனோடு எது சேர்ந்து வாழும் என்பது. இங்கேதான் உண்மையான சிக்கல். கணினித் துறையில் ‘இணக்கம்’ நிலைத்துவிட்டது, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஐயா ஒருவர். ‘பொருத்தம்’ என்றால் சாதக வாடை அடிக்கிறது என்றும் சொன்னார். அந்த வாடை இருக்கட்டும் ஐயா, அதனால் நமக்கு லாபம்தான். பொருத்தம் பார்ப்பது என்றாலே ஒவ்வொன்றாகப் பல அம்சங்களைப் பார்ப்பது, மற்றவை கூடிவந்தாலும் முக்கியமான ஒன்று இடித்தால் கைவிடுவது என்பது தமிழ் படிக்கும் எவருக்கும் சொல்லாமலே தெரியும். மீனுக்கும் அதே முறைதான்: தண்ணீரின் தன்மை, வெப்பநிலை, வளர்ந்தபின் உடலளவு, நீந்தும் மட்டம், குணம், இரை எடுக்கும் வேகம். இன்னொன்று, பொருத்தம் இருவருக்கு இடையில் இருப்பது. ‘இணக்கமான மீன்’ என்றால் அந்த ஒரு மீனின் குணத்தைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

டிஸ்கஸையும் தங்கமீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சாது, யாரையும் துரத்தாது. ஆனால் டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பமும் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரும் வேண்டும். தங்கமீனுக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்நீர் போதும், கழிவும் மிக அதிகம். நீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும் என்பதால் தங்கமீன் அங்கே திணறும். இவற்றுக்குள் இணக்கம் உண்டு, பொருத்தம் இல்லை. இந்த வாக்கியத்தை எழுத இரண்டு சொற்களும் தனித்தனியாக வேண்டும். ஆகவே குணத்துக்கு ‘இணக்கம்’, ஒட்டுமொத்தத்துக்குப் ‘பொருத்தம்’ என்று பிரித்துக்கொள்வோம்.

இதற்கு நேர்மாறு டைகர் பார்ப். சண்டைக்காரன் என்று பெயர் வாங்கியது. எட்டுப் பத்தாக விட்டால் அந்தச் சண்டை பெரும்பாலும் அதன் கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வேகமாக நீந்தும் குட்டைத் துடுப்பு மீன்கள் அருகில் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் விட்டால் ஏஞ்சல் மீனின் தொங்கும் துடுப்பைத் தேடிப்போய்க் கடிக்கும். அதே மீன், அதே தொட்டி, எண்ணிக்கைதான் வேறு. எதோடு எது சேரும் என்று காட்டும் பொருத்த அட்டவணையில் பச்சை, சிவப்பு என்று வண்ணம் தீட்டுவதோடு நிறுத்தாமல், எத்தனை மீன், எத்தனை லிட்டர் என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கச் சொல்லி அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டம் இல்லாத அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

அட்டவணை ஏமாற்றும் இன்னோர் இடம் ஏஞ்சலும் நியானும். இரண்டுக்கும் அமேசான்தான் தாயகம், தண்ணீர்ப் பொருத்தம் அருமையாக இருக்கும். நாணய அளவில் வாங்கிவரும் ஏஞ்சல் குஞ்சு, நியான்களோடு ஒரு வம்பும் இல்லாமல் வளரும். நியான் 3, 4 செ.மீ.யோடு நின்றுவிடும், ஏஞ்சல் 15 செ.மீ. வரை போகும். அப்புறம் காலையில் விளக்கைப் போட்டு எண்ணினால் நியான் ஒன்று குறையும். சில நாள் கழித்து இன்னொன்று. துரத்தலும் இருக்காது, கிழிந்த துடுப்பும் மிதக்காது, ஃபில்டரைத் திறந்து தேடினாலும் உடல் கிடைக்காது. ஏஞ்சலுக்கு அதன்மேல் கோபம் எதுவும் இல்லை. வாய்க்குள் நுழைகிறது, விழுங்குகிறது. இதற்கு ‘வாயளவு’ என்றொரு கலைச்சொல் வைக்கலாம்: “வளர்ந்த ஏஞ்சலுக்கு நியான் வாயளவு மீன்.” படித்த உடனே பொருள் புரியும். வாயளவு மீன் எப்போதும் சுலபமான இரை என்றும் நினைக்க வேண்டாம். கோரிடோராஸை விழுங்கப்போன பெரிய மீனின் தொண்டையில் அதன் துடுப்பு முள் விறைத்துச் சிக்கி, இரண்டுமே சாவதுண்டு.

மற்றவற்றில் பெரிய வாதம் இல்லை. பல இன மீன்கள் சேர்ந்திருக்கும் ‘கம்யூனிட்டி டேங்க்’குக்குக் கலப்புத் தொட்டி, ஒரே இனம் மட்டும் இருப்பதற்குத் தனியினத் தொட்டி. மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் ‘ஃபின் நிப்பர்’க்குத் ‘துடுப்புக் கடியன்’ என்று வந்திருப்பது அருமை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். முந்தைய மடலில் ‘செதில் கடிக்கும் மீன்’ என்று இருந்தது. செதில் உடலைப் போர்த்தியிருப்பது, நீந்தப் பயன்படுவது துடுப்பு. இலங்கை நண்பர்கள் ‘செட்டை’ என்பார்கள், அதையும் பக்கத்தில் குறிக்கலாம். வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் மீனுக்குச் ‘சக்கர் மீன்’ என்பது பேச்சில் ஊறிவிட்டது, மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவோம். ஆனால் கடையில் விரல் நீளத்தில் இருக்கும் சாதாரண சக்கர், 30 செ.மீ.யைத் தாண்டி வளரும் என்பதையும், இரவில் டிஸ்கஸ், தங்கமீன் போன்றவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பை உறிஞ்சக்கூடும் என்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிட வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: ‘டிதர் ஃபிஷ்’. கூச்ச சுபாவமுள்ள சிக்லிட் மீன்கள் குகைக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தால், மேல்மட்டத்தில் திறந்தவெளியில் திரியும் சிறுமீன் கூட்டமொன்றை விடுவார்கள். அவை அஞ்சாமல் உலாவுவதைப் பார்த்து, ஆபத்து ஏதும் இல்லை என்று சிக்லிட்கள் வெளியே வரும். ‘அச்சந்தெளி மீன்’ என்று ஒரு பரிந்துரை இருக்கிறது. பொருள் சரிதான், ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்க நா எழாது. ‘தெம்பு மீன்’ என்று எழுதினால் என்ன? அம்மையார் அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்