வடமராட்சியில் 1990 அழைத்த அனுபவம்

போன வருடம் விடியப்புறம் மாமாவுக்கு நெஞ்சு நோ, வியர்த்துக் கொட்டியது. மாமி வழக்கம்போல முன்வீட்டுத் தம்பியின் ஓட்டோவைக் கூப்பிடச் சொன்னா. நான் இலவச அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்தேன். அழைப்பு போவது கொழும்புக்குப் பக்கத்து ராஜகிரியவுக்கு என்றாலும் எடுத்த பிள்ளை தமிழிலேயே கதைத்தா. எங்கள் ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோயில் கேணியைச் சொல்லி வழிகாட்ட வேண்டியதாயிற்று.

அம்புலன்ஸில் சாரதியும் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வந்தார்கள். மாமா எழுந்து நடக்கப் பார்த்தார். "ஐயா, ஒரு அடியும் வைக்கக் கூடாது" என்று அந்த உதவியாளர் மறித்துவிட்டார். பிரஷர், ஒக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து, போகும் வழியிலேயே மந்திகை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார். ஓட்டோவில் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திராது. ஒரு சதமும் கேட்கவில்லை. மாமா இப்போது சுகமாக இருக்கிறார், சுருட்டைத்தான் இன்னும் விடவில்லை.

சுவசெரிய என்ற இந்த 1990 சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையாக வந்த 88 வண்டிகளோடு தொடங்கியது. ஐதராபாத்தில் 2005இல் பிறந்த 108 அம்புலன்ஸ் சேவைதான் அதற்கு முன்மாதிரி. முதலில் சேர்ந்த உதவியாளர்கள் அங்கே போய்த்தான் பயிற்சி எடுத்தார்கள். இந்தியா வேவு பார்க்க வருகிறது என்றுகூட அப்போது சிலர் பேசினார்கள். 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது.

வண்டியை யாரும் அன்பளிப்பாகத் தரலாம். எரிபொருள், டயர், சம்பளம் மாதாமாதம் வேண்டும், அதை யாரும் அன்பளிப்பாகத் தருவதில்லை. 2018இல் சட்டம் போட்டுத் தனி மன்றம் அமைத்தது அதனால்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. இன்னொரு கவலையும் உண்டு. தன்னோடு படித்தவர்கள் சிலர் கட்டாருக்குப் போய்விட்டார்கள் என்று அன்று வந்த உதவியாளரே சொன்னார். பயிற்சிக்குச் செலவழிக்கிறோம், ஆளை வைத்திருக்கச் செலவழிப்பதில்லை.

அப்புறம், தீவுப்பக்கம் எப்படி? நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர ஒரு மணித்தியாலப் படகு. இரவில் கடற்படைப் படகில் நோயாளியை ஏற்றி வந்ததாகச் செய்திகளில் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். படகுக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றதா?