மறு: ‘நேர்மறை இடப்பெயர்ச்சி எக்கி’ – வேறு சொல் உண்டா?

> சென்ட்ரிஃப்யூகல் பம்புக்கு மையவிலக்கு எக்கி இருக்கிறது. இன்னொரு வகைக்கு ‘நேர்மறை இடப்பெயர்ச்சி எக்கி’ என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். பாலிடெக்னிக் மாணவனுக்கு அதைப் படித்து உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் பிடிபடாது.

எங்கள் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை, அதில் 5 எச்பி மோட்டாரோடு ஒரு மையவிலக்கு எக்கி. குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற புட் வால்வில் இலை சிக்கி ராத்திரியே குழாய் காலியாகிவிடும், விடிகாலையில் அப்பா சுவிட்ச் போடுவதற்குள் நான் குடத்தோடு படியிறங்கித் தண்ணீர் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற விசிறி தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது, அந்த வேகம் நத்தைக்கூடு மாதிரியான உறைக்குள் மட்டுப்பட்டு அழுத்தமாகிறது, நடுவில் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. காற்றையும் விசிறி அதே வேகத்தில்தான் வீசும். ஆனால் தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசான காற்றை வீசி என்ன இழுவை வரும்? அதற்குத்தான் குடம்.

அடிபம்பு நீங்கள் கேட்கிற அந்த இன்னொரு ரகம். ஒவ்வோர் அடிக்கும் உருளை பிடிக்கிற அளவை மொண்டு தள்ளும். அதற்கும்தானே தண்ணீர் ஊற்றுகிறோம் என்பீர்கள். அது காய்ந்துபோன தோல் வாஷர் ஊறி, காற்று கசியாமல் பிடிப்பதற்கு. எஞ்சினுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பல்சக்கரப் பம்பும் இந்த இனம்தான். வெளிப்பக்க வால்வை மூடினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: விசிறிப் பம்பு தண்ணீரை உள்ளேயே கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும், கரண்ட்கூடக் குறைவாகத்தான் இழுக்கும். மற்றது விட்டுக்கொடுக்காது, அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு இல்லையென்றால் குழாயோ தண்டோ ஏதோ ஒன்று போய்விடும்.

ஆக ஒன்று வீசுகிறது, ஒன்று முகக்கிறது. முதலில் ‘முகவை எக்கி’ என்று எழுதி வைத்திருந்தேன், வீட்டில் காட்டினால் ராமநாதபுரத்துப் பம்பா என்கிறார்கள். சரி, ‘முகத்தல் எக்கி’ என்றே வைப்போம். முகத்தல் அளவை சின்ன வகுப்பிலேயே படித்தது, அளவு என்கிற கருத்தும் கூடவே வந்துவிடுகிறது. மையவிலக்கு எக்கி பாடநூலில் ஊன்றிவிட்டதால் அதை அசைக்க வேண்டாம். (எக்கி என்றாலே எனக்கு போட்டோவுக்கு வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதுதான் ஞாபகம் வருகிறது, அது என் பாடு.)

அப்புறம் ஓட்டுவதற்கு முன் குடத்தால் தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த பிரைமிங்குக்கு ‘தயார்ப்படுத்தல்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எதைத் தயார்ப்படுத்துகிறோம் என்றே அதில் இல்லை. ‘முன்நிரப்பல்’ போதும்.

போர்வெல்லில் காற்றை அடித்துத் தண்ணீர் எடுக்கிற கம்ப்ரசர்தான் இடிக்கிறது. குமிழி கலந்து லேசான தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது. வீசலும் இல்லை, முகத்தலும் இல்லை. அதற்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?